அடியாரும் சாமியாரும்

ஆஷாட ஏகாதசிக்கு முந்தைய வாரம், மராத்தியில் எழுதப்பட்ட துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கும் பணி என்னிடம் வந்தது. மான்குர்த் லல்லுபாய் காம்பவுண்டில் குடியிருக்கும் தமிழ்ப் பெண்மணி ஒருவரின் 14 வயது மகளுக்கு வலிப்பு நோய். பேய் பிடித்திருக்கிறது என்று சொன்ன பாபா ஒருவர், மூன்று வாரம் அச்சிறுமியைப் பிரம்பால் அடித்துப் 'பேயோட்டி', தாயிடமிருந்து 40,000 ரூபாய் வாங்கியிருந்தார். அத்தாய் செம்பூரில் நான்கு வீடுகளில் வேலை செய்பவர். கொடுத்த பணத்தில் பெரும்பகுதி மகளிர் குழுவில் எடுத்த கடன். வாரந்தோறும் தவணை கட்ட வேண்டிய கடன். செய்தி அறிந்த தோழர்கள் சிறுமியை மருத்துவமனையில் சேர்த்தார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். பகுதி மக்களிடம் எடுத்துச் செல்ல ஒரு துண்டறிக்கையும் எழுதினார்கள்.

அதன் முதல் வரி, மகாராஷ்டிரம் 'சந்த்'களின் மண் என்றது. அடுத்த வரி, இம்மண்ணில் 'புவாபாஜி'க்கு இடமில்லை என்றது. மறுநாள் காலை அச்சகத்துக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில், முதல் வரியைச் 'சாமியார்களின் மண்' என்றும், இரண்டாம் வரியில் உள்ளதைச் 'சாமியார் மோசடி' என்றும் மொழிபெயர்த்துவிட்டேன். தமிழில் முதுகலை படித்தவன். மொழிபெயர்ப்பே கட்சிப் பணியாக வாழ்பவன். பிழை என் கண்ணில் படவில்லை. அச்சுக்கு முன் படித்துப் பார்த்த அந்தத் தாயின் கண்ணில்தான் பட்டது.

"அண்ணாச்சி, இது சாமியாருங்க மண்ணுன்னு நீங்களே போட்டிருக்கிய. அப்புறம் எதுக்கு அந்தாளத் திட்டுதிய?" என்று கேட்டார். சற்றுப் பொறுத்து இன்னொன்றும் கேட்டார்: "எல்லாச் சாமியாரும் பொய்யின்னு சொல்லுதியளா, இந்தாளு மட்டும் பொய்யின்னு சொல்லுதியளா? ஏகாதசிக்கு நான் வடாலா கோயிலுக்குப் போவணும். அதையும் பொய்யின்னு சொல்லிராதிய."

முதல் கேள்வி மொழிபெயர்ப்பைப் பற்றியது, அதைத் திருத்திவிடலாம். இரண்டாம் கேள்வி நம் அரசியலைப் பற்றியது. உழைக்கும் மக்களிடம் சென்று பேசும் ஒவ்வொரு தோழரும் ஏதோ ஒரு தெருமுனையில் இக்கேள்வியை எதிர்கொண்டிருப்பார். மெய்யடியார் யார், போலிச் சாமியார் யார் என்பதை நாம் ஏன் பேச வேண்டும், நமக்கு அதில் என்ன வேலை என்று ஒதுங்கிவிடுவது எளிது. ஆனால், நாம் ஒதுங்கும் இடத்தில் வேறு யாரோ வந்து விடை சொல்லிவிடுகிறார்கள்.

சொல்லில் உள்ள வேறுபாடு

மராத்தியில் இரண்டு சொற்கள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. ஞானேசுவர், நாம்தேவ், சோகாமேளா, துக்காராம் ஆகியோர் 'சந்த்'. ஊரை ஏய்த்துப் பிழைப்பவன் 'புவா' அல்லது 'பாபா'. அவன் செய்யும் தொழில் 'புவாபாஜி'. மதிப்புக்குரிய பெரியவர்களையும் புவா, பாபா என்று அழைக்கும் வழக்கு அங்கும் உண்டு. ஆனால், 'புவாபாஜி' என்ற சொல் வந்தவுடன் கேட்பவருக்கு ஐயம் எழுவதில்லை. 'சந்த்' என்பதை அப்படியே தமிழில் எழுதினால் அது குறுந்தெருவைக் குறிக்கும் சந்தாகிவிடும் என்பது மொழிபெயர்ப்பாளனின் தனித் தொல்லை.

தமிழிலும் இவ்வேறுபாடு உண்டு, நாம்தான் மறந்திருக்கிறோம். 'சுவாமி' என்றால் உடையவன், எசமானன். 'சாமியார்' அதிலிருந்து வந்தது. 'அடியார்' என்பது அதற்கு நேர் எதிரான சொல். அடியில் இருப்பவர், ஆட்பட்டவர் என்பது பொருள். சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகை முழுவதும் ஒருவர் பின் ஒருவராகப் பெயர் சொல்லி, இவருக்கும் நான் அடியேன், இவருக்கும் நான் அடியேன் என்று அடுக்கிச் செல்வது. ஆதிசைவ அந்தணர் குலத்தில் பிறந்த சுந்தரர் தம்மை அடியேன் என்று சொல்லிக்கொண்டோர் வரிசையில் புலைப்பாடியில் பிறந்த திருநாளைப்போவாரும் இருக்கிறார். பிற்காலம் அவர்கள் அனைவரையும் 'நாயனார்' ஆக்கியது, அதாவது தலைவர் ஆக்கியது. அது மற்றவர் இட்ட பெயர். தம்மைத் தாம் அவர்கள் அழைத்துக்கொண்ட பெயர்கள் அடியார், தொண்டர் என்பவையே. பெரியபுராணத்துக்குச் சேக்கிழார் இட்ட பெயரும் திருத்தொண்டர் புராணம்தான்.

எனவே, முதல் அளவுகோல் நம் மொழியிலேயே கிடைக்கிறது. தன்னைப் பிறருக்கு ஆளாக்கிக்கொண்டவர் அடியார். பிறரைத் தனக்கு ஆளாக்கிக்கொள்பவர் சாமியார்.

கையில் இருந்த கருவி

தமிழ் அடியார்களையும் மராட்டிய சந்துகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இரண்டு பட்டியலும் ஓர் ஊரின் உழைப்பாளர் பட்டியலாக இருப்பதைக் காணலாம். இங்கே திருநீலகண்டர் குயவர்; அங்கே கோரா கும்பார் குயவர். இங்கே நேசர் நெசவாளர். அங்கே நாம்தேவ் தையற்காரர். இங்கே அதிபத்தர் மீனவர், ஏனாதிநாதர் கள்ளிறக்கும் குலத்தவர், கலியர் செக்காட்டும் குலத்தவர். அங்கே சாவ்தா மாளி தோட்டக்காரர், சேனா நாவிதர், நரஹரி பொற்கொல்லர், ஜனாபாய் வீட்டு வேலைக்காரி. செம்பூர் வீடுகளில் பாத்திரம் துலக்கும் நம் பெண்கள், 700 ஆண்டுகளுக்கு முன் மாவரைத்துக்கொண்டே பாடிய ஜனாபாயைத் தம்மில் ஒருத்தி என்று கருதுவதில் வியப்பில்லை.

இவர்கள் யாரும் தொழிலை விட்டுவிட்டு ஆசனம் தேடிப் போகவில்லை. திருநாவுக்கரசர் கோயில் கோயிலாகச் சென்றபோது அவர் கையில் இருந்தது உழவாரப்படை, அதாவது புல் செதுக்கும் கருவி. காஞ்சியில் திருக்குறிப்புத் தொண்டர் அடியார்களின் துணியைக் கூலியின்றி வெளுத்தார்.

துக்காராம் வாழ்க்கையில் வரும் ஒரு நிகழ்ச்சியை மட்டும் இங்கே குறிப்பாகச் சொல்ல வேண்டும். தேஹு கிராமத்தில் கடையும் கொடுக்கல் வாங்கலும் நடத்திய குடும்பம் அவருடையது. 1630இல் தக்காணத்தைத் தாக்கிய கொடும்பஞ்சத்தில் அவர் மனைவியரில் ஒருவரும் மகனும் மாண்டனர். பஞ்சத்துக்குப் பின், ஊரார் தம் குடும்பத்துக்குத் தரவேண்டிய கடன் பத்திரங்களில் தம் பங்கினை இந்திராயணி ஆற்றில் விட்டுவிட்டார் என்பது வார்க்கரி மரபு வழங்கும் செய்தி. பின்னர் அவருடைய பாடற்சுவடிகளையும் அதே ஆற்றில் எறியச் செய்தார்கள், சூத்திரன் பாடக்கூடாது என்றவர்கள். சுவடிகள் 13 நாள் கழித்து நனையாமல் மிதந்து வந்தன என்பது மக்கள் கதை. சுவடி மிதந்ததை எல்லாரும் சொல்கிறார்கள். பத்திரம் மூழ்கியதை உபன்னியாசம் செய்பவர்கள் விரைந்து கடந்துவிடுகிறார்கள். கடன் தவணைக்காக வாரந்தோறும் கதவு தட்டப்படும் மான்குர்த் பெண்களுக்கு எந்தக் கதை தேவை என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

காலடி மண் யாருடையது?

பண்டரிபுரம் விட்டலன் கோயிலின் முதற்படிக்கு 'நாம்தேவ் படி' என்று பெயர். உள்ளே செல்லும் அடியார்களின் காலடி மண் தம்மீது பட வேண்டும் என்று விரும்பி, நாம்தேவ் அந்த வாயிற்படியிலேயே அடங்கினார் என்பது நம்பிக்கை. தமிழருக்கு இது புதிதன்று. சேர மன்னராகிய குலசேகர ஆழ்வார் வேங்கடத்துக் கோயிலில் ஒரு படியாய்க் கிடக்க வேண்டினார். வைணவக் கோயில்களில் கருவறையின் முன் உள்ள படிக்குக் குலசேகரன் படி என்ற பெயர் அதனால்தான் வந்தது. தையற்காரரும் மன்னரும் ஒரே விருப்பத்தைத் தெரிவித்திருக்கிறார்கள். தம் தலைமீது பிறர் கால் பட வேண்டும் என்பதே அவ்விருப்பம்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு 2024 ஜூலை 2ஆம் நாளைப் பார்ப்போம். உத்தரப்பிரதேசத்தின் ஹாத்ரஸ் மாவட்டத்தில் 'போலே பாபா' என்பவரின் சத்சங்கம் முடிந்தது. அவர் கார் சென்ற பாதையில் காலடி மண் எடுக்கக் கூட்டம் முண்டியது. நெரிசலில் 121 பேர் உயிரிழந்தனர், பெரும்பாலோர் பெண்கள். ஏழைகள், கூலிகள், தலித்துகள் அவருடைய அடியார் கூட்டத்தில் மிகுதி. காவல்துறையின் முதல் தகவல் அறிக்கையில் குற்றஞ்சாட்டப்பட்டோர் வரிசையில் பாபாவின் பெயர் இல்லை. பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காக 2017இல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற குர்மீத் ராம் ரஹீமுக்கு மீண்டும் மீண்டும் பரோல் கிடைப்பதையும், அவற்றில் பல தேர்தல் காலங்களை ஒட்டி அமைவதையும் நாடு பார்த்துக்கொண்டிருக்கிறது. அடியவர்களின் காலடி மண்ணை வேண்டிய மரபில், தம் காலடி மண்ணை விநியோகிக்கும் பேர்வழிகள் வந்து அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் அரசு அதிகாரம் நிற்கிறது.

குற்றம் புரிந்த சாமியார்களை மட்டும் பேசினால் சிக்கலின் பாதியே தெரியும். மான்குர்த்தில் ஹார்பர் ரயில் ஏறி, கடற்கழிப் பாலத்தைக் கடந்து சென்றால் கார்கர் வருகிறது. 2023 ஏப்ரல் 16 அன்று, அங்கே திறந்தவெளியில், ஆன்மிகப் பணிக்காக அப்பாசாகேப் தர்மாதிகாரிக்கு 'மகாராஷ்டிர பூஷண்' விருதை ஒன்றிய உள்துறை அமைச்சர் வழங்கினார். பல லட்சம் பேர் கூடினர். விருது பெற்றவர் மீது குற்றம் எதுவும் இல்லை. அவரைப் பின்பற்றுவோர் மரம் நடுகிறார்கள், இரத்ததானம் செய்கிறார்கள், தெருக்களைத் தூய்மைப்படுத்துகிறார்கள். குற்றம் விழாவை நடத்திய அரசினுடையது. மேடைக்குக் கூரை இருந்தது, மக்களுக்கு இல்லை. சித்திரை வெயிலில் நண்பகல் கடந்தும் அமர்ந்திருந்தவர்களில் 14 பேர் மாண்டனர். பக்தியின் கட்டுப்பாடு காரணமாக அம்மக்கள் எழுந்து போகாமல் அமர்ந்திருந்தார்கள். வாக்குகளாக எண்ணி அக்கட்டுப்பாட்டை ஆட்சியாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் அறிவித்ததோடு கணக்கு முடிந்தது.

துடைப்பமும் மண்சட்டியும்

இதற்கு மாறாக, நம் காலத்துக்கு அண்மையில் வாழ்ந்த ஒருவரைச் சொல்ல வேண்டும். காட்கே பாபா என்ற பெயரை மும்பைத் தமிழர் பலர் கேட்டிருப்பார்கள். டாடா புற்றுநோய் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக வரும் ஏழைகள் தங்கும் தாதர் தர்மசாலை அவர் பெயரில் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் நோயாளியை அழைத்து வந்து வழி தெரியாமல் நிற்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த முகவரியை நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

1876 பிப்ரவரி 23 அன்று, அமராவதி மாவட்டத்து ஷெண்ட்காவில், சலவைத் தொழில் செய்யும் குலத்தில் பிறந்தவர் அவர். காஞ்சித் திருக்குறிப்புத் தொண்டரின் குலம் அது. எழுதப் படிக்கத் தெரியாது. 'காட்கே' என்றால் மண்சட்டி; உண்ணவும் அதுவே, தலையில் கவிழ்த்துக்கொள்ளவும் அதுவே. மற்றொரு கையில் துடைப்பம். ஓர் ஊருக்குள் நுழைந்தால் முதலில் தெருவைப் பெருக்குவார், சாக்கடையைத் தள்ளுவார். மாலையில் கீர்த்தனம் செய்வார். அவருடைய கீர்த்தனம் கேள்வி பதிலாக நடக்கும். ஆடு வெட்டினால் தெய்வம் மகிழுமா? கடன் வாங்கிக் கல்யாணம் செய்யலாமா? சாதி எங்கிருந்து வந்தது? கூட்டத்தைக் கேட்பார்; கூட்டமே விடை சொல்லும். உண்ணும் தட்டை விற்றாவது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்பது அவர் ஓயாமல் சொன்ன அறிவுரை. மக்கள் கொடுத்த பணம் பள்ளிகளாகவும் விடுதிகளாகவும் தர்மசாலைகளாகவும் மாட்டுக் கொட்டில்களாகவும் மாறியது. அவற்றில் தம் குடும்பத்தாரை அவர் குடியேற்றவில்லை. காலில் விழ வந்தவர்களைத் தடி கொண்டு விரட்டினார். பண்டரிபுரத்துக்கு ஆண்டுதோறும் சென்றும் தரிசனத்துக்காக அவர் உள்ளே போனதில்லை. சந்திரபாகா ஆற்று மணலைப் பெருக்கிக்கொண்டு வெளியிலேயே இருந்தார் என்பர்.

பண்டரிபுரத்தில் தாம் கட்டிய சோகாமேளா தர்மசாலையை, மாணவர் விடுதிக்காக, டாக்டர் அம்பேத்கர் தொடங்கிய மக்கள் கல்விக் கழகத்துக்கு அவர் கொடுத்துவிட்டார். 1956 டிசம்பர் 6 அன்று அம்பேத்கர் மறைந்தார். அடுத்த இரண்டு வாரத்தில், டிசம்பர் 20 அன்று, காட்கே பாபாவும் மறைந்தார்.

இன்று அவர் பெயரில் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிராமத் தூய்மைப் போட்டி நடத்தப்படுகிறது. அமைச்சர்கள் புத்தம் புதிய துடைப்பத்தோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால், தேவ்னார் குப்பை மலையைச் சுற்றி வாழும் நம் மக்களுக்குத் துடைப்பம் படம் எடுக்கும் பொருளன்று. மும்பையின் கழிவு 1927 முதல் கொட்டப்பட்டு வந்த இடம் அது. நகரின் வார்டுகளில் மனித வளர்ச்சிக் குறியீடு மிகக் குறைந்தது நம்முடைய எம் கிழக்கு வார்டுதான் என்று மாநகராட்சியின் 2009ஆம் ஆண்டு அறிக்கையே சொன்னது. இந்நகரைப் பெருக்கிய 2,700 ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரப் பணிக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடி, 2017இல் உச்சநீதிமன்றம் வரை சென்று வெல்ல வேண்டியிருந்தது. காட்கே பாபாவின் துடைப்பத்துக்கு மாலை போடுகிறவர்கள், துடைப்பம் பிடித்த கைக்கு ஊதியம் தர மறுத்தார்கள்.

படியிலேயே நின்ற சமத்துவம்

இதுவரை சொன்னதைக் கேட்டு, மெய்யடியார்கள் போதும், அவர்கள் வழியே சமத்துவம் வந்துவிடும் என்று யாரும் முடிவு செய்யலாகாது. அம்முடிவுக்கு எதிரான சான்று பண்டரிபுரத்துப் படியிலேயே இருக்கிறது.

நாம்தேவ் படிக்கு எதிரே சோகாமேளாவின் சமாதி உள்ளது. மகர் குலத்தில் பிறந்த அவர், 14ஆம் நூற்றாண்டில், மங்கள்வேடா ஊரின் மதிலைக் கட்டும் வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, சுவர் சரிந்து மற்றத் தொழிலாளரோடு புதைந்து மாண்டார். இன்றைய மொழியில் சொன்னால் அது பணியிட விபத்து. இழப்பீடு இல்லாத கட்டடத் தொழிலாளியின் சாவு. எலும்புகளில் காதை வைத்துக் கேட்டு, விட்டலன் பெயர் ஒலித்ததைக் கொண்டு நாம்தேவ் அவரை அடையாளம் கண்டார் என்று மரபு கூறும். அந்த எலும்புகளுக்கும் இடம் கிடைத்தது கோயிலுக்கு வெளியேதான். அதன்பின் 600 ஆண்டுகள், சோகாமேளாவைப் பாடியவர்கள் உள்ளே போனார்கள். சோகாமேளாவின் மக்கள் வெளியே நின்றார்கள்.

நம் நந்தனார் கதையும் அதுவே. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர் தில்லைக்குள் நுழைய நெருப்பில் மூழ்கி எழ வேண்டியிருந்தது. எழுந்தபோது பூணூல் அணிந்த முனிவராக எழுந்தார் என்று கதை முடிகிறது. நந்தனார் உள்ளே போனார், புலையர் போகவில்லை. சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தை, 19ஆம் நூற்றாண்டில், கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தில் சேர்த்தார். தில்லை செல்ல விடுப்புத் தராத நிலவுடைமையாளராகிய வேதியர்தான் அப்பாத்திரம். அறுவடையை முடித்துவிட்டுப் போ என்ற ஆண்டையின் குரல் தஞ்சைப் பண்ணையாட்கள் அனைவருக்கும் தெரிந்த குரலாதலால், கதை மக்களிடம் நின்றது.

இதை மிகத் தெளிவாகச் சொன்னவர் அம்பேத்கர். 'சாதி ஒழிப்பு' நூலை விமர்சித்த காந்தியாருக்கு எழுதிய மறுமொழியில், சந்துகள் மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான உறவைப் பற்றியே கவலைப்பட்டார்கள், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான போராட்டத்தைப் பற்றி அல்ல என்று அவர் வாதிட்டார். சந்த் சாதியை மீறலாம், சாமானியன் மீறக்கூடாது என்று மக்களுக்குக் கற்பிக்கப்பட்டதால், சந்துகளை வணங்கினார்களே தவிர யாரும் பின்பற்றவில்லை என்றும் சுட்டினார். அதே அம்பேத்கர், தீண்டப்படாதோர் யார் என்பதை ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளா ஆகிய மூவர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். தஞ்சை மண்ணின் பண்ணையாளும், காசியின் செருப்புத் தொழிலாளியும், மங்கள்வேடாவின் சுவர் வேலைக்காரரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். மதிக்க வேண்டியதை மதித்தும், எல்லை எதுவோ அதை மறைக்காமலும் ஒருவர் பேச முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கதவைத் திறந்தது அற்புதம் அன்று, போராட்டம். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் முதலானோர் நுழைந்தார்கள். 1947 மே மாதம், விடுதலைக்கு மூன்று மாதம் இருக்கையில், பண்டரிபுரத்தில் சானே குருஜி உண்ணாநோன்பு இருந்த பிறகே சோகாமேளாவின் மக்களுக்கு வாயில் திறந்தது. பரம்பரைப் பூசகர்களான பட்வேக்களின் உரிமை முடிவுக்கு வர 2014இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகும் சட்டம் 1970இல் தொடங்கி நீதிமன்றங்களில் அலைந்து, 2021இல்தான் பணி நியமன ஆணைகளாக மாறத் தொடங்கியது. அடியார்கள் பாடிய சமத்துவத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது மக்கள் இயக்கமும் சட்டமுமே.

சட்டம் வகுத்த கோடு

அச்சட்டங்களின் வரிசையில் மகாராஷ்டிரத்தின் 2013ஆம் ஆண்டு நரபலி, மாந்திரீகத் தடைச் சட்டத்தை வைக்க வேண்டும். அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்த டாக்டர் நரேந்திர தாபோல்கர், அவ்வாண்டு ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடையின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். சானே குருஜி தொடங்கிய 'சாதனா' வார இதழின் ஆசிரியர் அவர். கொலை நடந்த சில நாட்களில் அவசரச் சட்டமும், ஆண்டிறுதியில் சட்டமும் வந்தன. கொலையாளிகள் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2024 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மற்ற மூவர் விடுவிக்கப்பட்டனர்.

இச்சட்டம் வந்தால் பண்டரிபுர யாத்திரையே தடை செய்யப்படும் என்று அன்று பெரும் பொய்ப் பரப்புரை நடந்தது. வார்க்கரிக் குழுக்கள் சிலவும் அதை நம்பின. ஆனால், சட்டமோ யாத்திரை, கீர்த்தனம், பஜனை, வழிபாடு ஆகியவற்றுக்கு இது பொருந்தாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. பேயோட்டுவதாகச் சொல்லி அடிப்பது, அற்புதம் காட்டிப் பணம் பறிப்பது, பாம்புக்கடிக்கு மருத்துவம் பார்க்கவிடாமல் மந்திரிப்பது, தெய்வ சக்தி உண்டென்று சொல்லிப் பெண்களைச் சூறையாடுவது ஆகியவையே குற்றம். ஆறு மாதம் முதல் ஏழாண்டு வரை சிறை. நீ எதை நம்புகிறாய் என்று இச்சட்டம் கேட்பதில்லை. அந்நம்பிக்கையின் பெயரால் ஒருவன் உனக்கு என்ன செய்தான் என்று கேட்கிறது.

லல்லுபாய் காம்பவுண்டுத் தாய்க்கு நான் தர வேண்டிய விடை இதுவே. வடாலா கோயிலுக்குச் செல்வது அவர் உரிமை. மகளை அடித்த பிரம்பு குற்றம்.

தொண்டர் என்ற சொல்

தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மதத்தைப் பற்றிய நம் தத்துவப் பார்வையை நாம் யாரிடமும் மறைப்பதில்லை. மதத்தை அபினோடு ஒப்பிட்ட மார்க்ஸின் வாக்கியத்தை எதிரிகளும் நண்பர்களும் எடுத்தாளுகிறார்கள். அதற்கு முன்னே, மனிதத் துயரத்தின் வெளிப்பாடும் அத்துயரத்துக்கு எதிரான முறையீடும் மதத்துக்குள் இருக்கின்றன என்ற கருத்தை அவர் எழுதியதை நாம்கூட மறந்துவிடுகிறோம். 'எல்லாம் மோசடி' என்று ஒரே வரியில் முடிப்பது நமக்கு எளிது. ஆனால், அவ்வரி ஜனாபாயையும் பிரம்படி பாபாவையும் ஒரே கூடையில் போடுகிறது. என் மொழிபெயர்ப்புப் பிழையும் இதே பிழைதான்.

நாம் விட்டுச் சென்ற இடத்தில் மற்றவர்கள் வேலை செய்கிறார்கள். சாதியும் சமயமும் பொய் என்று பாடி, 1867இல் வடலூரில் பசித்தோர்க்குச் சத்திய தருமச்சாலை திறந்த வள்ளலாரை, சனாதன தர்மத்தின் உச்ச நட்சத்திரம் என்று 2023இல் அதே வடலூரில் நின்று தமிழ்நாட்டு ஆளுநர் புகழ்ந்தார். சிவாஜியை வகுப்புவாதிகள் கைப்பற்றியபோது, விவசாயிகளின் அரசன் யார் என்பதை எளிய நூலாக எழுதி மராத்திய மக்களிடம் கொண்டு சென்றவர் தோழர் கோவிந்த் பன்சாரே. 2015 பிப்ரவரியில் கோலாப்பூரில் அவரையும் சுட்டார்கள். பழைமையை முழுவதும் தள்ளிவிடுகிறவனைக் கண்டு அவர்கள் அஞ்சுவதில்லை. அதற்குள் உழைக்கும் மக்களுக்கு உரியதைப் பிரித்தெடுத்துத் திருப்பித் தருகிறவனைக் கண்டே அஞ்சுகிறார்கள்.

சேக்கிழார் பயன்படுத்திய 'தொண்டர்' என்ற சொல்லையே இன்று கட்சி ஊழியர்களுக்கும் வழங்குகிறோம். எனவே, மேலே சொன்ன அளவுகோல்கள் நமக்கும் பொருந்தும். நம் கையில் என்ன கருவி இருக்கிறது? யாருடைய கடன் பத்திரத்தைக் கரைக்க நாம் போராடினோம்? நம் காலில் யாராவது விழ வந்தால் காட்கே பாபாவைப் போல விரட்டுகிறோமா?

துண்டறிக்கையைத் திருத்தினேன். முதல் வரி 'அடியார்களின் மண்' ஆயிற்று. இரண்டாம் வரி 'சாமியார் மோசடி' என்றே நின்றது. அந்தத் தாய் படித்துப் பார்த்துத் தலையசைத்தார். ஏகாதசியன்று ஹார்பர் ரயிலில் வடாலா சென்றபோது, துளசி மாலையோடு 50 துண்டறிக்கைகளையும் பையில் எடுத்துச் சென்று, வரிசையில் நின்ற தமிழ்ப் பெண்களிடம் கொடுத்துவிட்டு வந்தார். சிறுமி இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள்; பள்ளிக்கும் செல்கிறாள். புகார் விசாரணையில் உள்ளது.

குழுக்கடன் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் பத்திரத்தை ஆற்றில் விட துக்காராம் வரப்போவதில்லை. அந்த வேலை நம்முடையது.